மோட்டாருக்கு ரெண்டு நாள் லீவு

வா கண்ணு, வா. அந்தக் கயித்துக் கட்டல்ல உக்காரு. உங்கம்மா நேத்துப் பொழுதோட போன் பண்ணுனா. தோட்டத்தை விக்கப் போறயாமா. ரெண்டு ஏக்கரா, நூத்திச் சில்லறை தென்னை, தொள்ளாயிரம் அடி போரு. வாங்க வர்றவரு திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறாரு, வெள்ளாமை வெவரம் தெரியாதவரு. நாளைக்கு ஞாயித்துக்கெழமை பாக்க வர்றாரு. அதுக்காக நீ நேத்து வெள்ளிக்கெழமையே மோட்டாரை நிறுத்திப் போட்டயாமா. ரெண்டு நாள் ஓட்டாம வெச்சா போர்ல தண்ணி ஏறி நிக்கும். அவரு வந்து நிக்கறப்ப சுவிச்சைத் தட்டுனா ரெண்டு இஞ்சுத் தண்ணி பீச்சி அடிக்கும். அவரு பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு கையக் கால நனைச்சுப் பாத்து, அங்கயே அட்வான்சை நீட்டிருவாரு. "நான் வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லலியேம்மா"ன்னு அவகிட்ட வேற பெருமை பேசியிருக்கற.

ஆஹா! மோட்டாருக்கு லீவு குடுத்த மொத மொதலாளி நீதான் கண்ணு. எனக்குப் பூரிப்பா இருக்குது. அம்பது வருசம் மாட்டுத் தரகு பண்ணுனவன் பேரன்னு ஊரே சொல்லும். எனக்கே இந்த ரோசனை வந்ததில்ல. வந்திருந்தாலும் என்ன பண்றது, மாட்டுக்கு சுவிச்சு இல்லியே.

ஆனா மடி இருந்துச்சு. அந்தக் கதையச் சொல்றேன் கேளு. இத உங்கமுச்சிகிட்டக்கூட முழுசாச் சொன்னதில்ல. ஒரு மாடு என் கட்டுத்தரையில நின்னுச்சு. பாக்க லட்சுமி மாதிரி இருக்கும், கறந்தா மூணு லிட்டருக்கு மேல தராது. சந்தைக்கு மொத நாள் பொழுதோடயும் கறக்கலை, விடியக்காலத்துலயும் கறக்கலை. மடி பொங்கப்பானை கணக்கா ஊதிப் போச்சு. காம்பு நாலும் வெரைச்சு நிக்குது. மாடு காலை அகட்டி அகட்டி நடக்குது, பாக்கறவனுக்கு அது பால் பாரம். ஒருத்தரு வந்து, "எத்தனை லிட்டருங்க?"ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் எதுக்குங்க சொல்லோணும், மடிதான் சொல்லுதே"ன்னேன். துண்டுக்குள்ள கையப் புடிச்சோம், ரெண்டு விரல் நான் எச்சாப் புடிச்சேன், மாடு கை மாறிப் போச்சு.

நாலாம் நாள் அந்த மனுசன் மாட்டையும் புடிச்சுக்கிட்டு, கூட நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஊர் நாயம் கூடுச்சு. நான் நெஞ்சை நிமுத்திக்கிட்டு, "நான் லிட்டர் கணக்கே சொல்லலீங்க, மடி சொல்லுதுன்னுதான் சொன்னேன்"னேன். நாயக்கட்டுல ஒரு பெரியவரு வெத்தலையக் கூட துப்பாம கேட்டாரு: "சரி, மடி பொய் சொல்லிருச்சு. மடிக்குச் சொந்தக்காரன் ஆரு?" அம்புட்டுத்தான். பணத்தைத் திருப்பிக் குடுத்தேன், நாலு நாள் தீவனச் செலவும் குடுத்தேன், மாட்டைத் திருப்பிக் கட்டுனேன். அதுவும் என்னைப் பாத்து ஒரு மாதிரி அசை போட்டுச்சு.

அப்பறம் பங்காளி வரப்புத் தகராறுல ஏழு வருசம் முன்சீப் கோர்ட்டு வேப்பமரத்தடியில கெடந்தேன். வக்கீல் குமாஸ்தா ஒருத்தரு எனக்கு வாத்தியாரு. ஃபீசு ஒன்னும் எச்சில்ல, ரெண்டு ஏக்கராதான். அவரு சொல்லித்தான் தெரிஞ்சுது, அந்தப் பெரியவரு வெத்தலையோட கேட்டதை வெள்ளைக்காரன் 1872லயே சட்டமா எழுதி வெச்சிருக்கறான்னு. இந்திய ஒப்பந்தச் சட்டம். இன்னைக்கும் அதுதான் ஓடுது.

அதனால பொய் சொல்றதுன்னு நீ முடிவு பண்ணிட்டா, முறையாச் சொல்லு கண்ணு. அரைகுறையாப் பண்ணி குடும்ப மானத்தை வாங்காதே. அதுக்கும் படி இருக்குது. ஒவ்வொண்ணா ஏத்தி விடறேன், எங்க வழுக்குதுன்னு பாத்துக்க.

மொதப் படி, பெருமையடிக்கறது. "நம்ம தோட்டத்துத் தண்ணி தேனு மாதிரிங்க, காத்து ஊட்டிக் காத்துங்க, இங்க படுத்தா ஆயுசு பத்து வருசம் கூடும்ங்க." இதுக்கு சட்டம் ஒன்னும் பண்ணாது. விக்கறவன் வாய்னா அப்படித்தான் இருக்கும்னு அதுக்கும் தெரியும். ஊட்டிக் காத்து வரலைன்னு எவனும் கேஸ் போட்டு ஜெயிக்க முடியாது. அதே பெருமையில நம்பரும் வெவரமும் ஏறிச்சுன்னா போச்சு. சைட்டு விக்கறவன் நோட்டீசுல பாரு, "எழில் கொஞ்சும் மனை"ம்பான், அது பெருமை. "அப்ரூவல் வாங்கியாச்சு"ன்னு போட்டுட்டு வாங்கலைன்னா, அது பொய். 2016ல வந்த ரியல் எஸ்டேட் சட்டத்துல 12ஆவது பிரிவுன்னு ஒன்னு இருக்குது. விளம்பரத்துப் பொய்ய நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவனுக்கு ஈடு குடுக்கோணும். வேண்டாம்னு வெலகுனா கட்டுன பணத்தை வட்டியோட திருப்பிக் குடுக்கோணும்.

பெருமைக்குப் பக்கத்து வீடு, அபிப்பிராயம். நியூசிலாந்துல ஒருத்தன் நெலம் வித்தான். "ரெண்டாயிரம் ஆடு மேய்க்கலாம்"னு சொன்னான். வாங்குனவன் பாத்தா, அத்தனை ஆட்டுக்கு அங்க தீனியில்ல. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனான். 1927ல தீர்ப்பு, வித்தவன் பக்கம். ஏன்? அந்த நெலத்துல வித்தவன் அப்படி ஆடு மேய்ச்சவனே இல்ல. அது வாங்குனவனுக்கும் தெரியும். அப்ப அவன் சொன்னது ஒரு மதிப்புத்தானே? "ஆகா, நானும் அபிப்பிராயம்னு சொல்லிக்கறேன் அப்புச்சி"ன்னு சந்தோசப்படாதே. நீ அந்தப் போரைப் பதினோரு வருசமா ஓட்டறவன். சித்திரையில அது எத்தனை மணி நேரம் ஓடும்னு உனக்கு நிமிசக் கணக்காத் தெரியும், திருப்பூர்க்காரருக்குத் தெரியாது. உள்ளதைத் தெரிஞ்சவன், தெரியாதவன்கிட்ட "எனக்கென்னமோ தண்ணி வத்தாதுன்னு தோணுதுங்க"ன்னா, அது தோணல் இல்ல கண்ணு, புளுகு. தோணுச்சுன்னு சொல்றதுக்கு முன்னால நெசமாவே தோணியிருக்கோணும்.

ரெண்டாவது படி, கம்முனு இருக்கறது. இதுதான் உனக்கு ரொம்பப் புடிக்கும், நம்ம குடும்பத்துக்கே புடிச்சது. அந்த ஒப்பந்தச் சட்டத்துலயே 17ஆவது பிரிவுல ஒரு குதிரை நிக்குது. ஏலத்துல ஒருத்தன் குதிரை விக்கறான். அதுக்குச் சீக்கு இருக்குதுன்னு அவனுக்குத் தெரியும். வாயத் தொறக்கலை. மோசடியா? இல்லைன்னு சட்டமே சொல்லுது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில குதிரை நிக்கறதைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்தப் பிரிவுதான் ஞாபகம் வரும். பல்லைப் புடிச்சுப் பாக்கறது, சுழி பாக்கறது, நடத்திப் பாக்கறது எல்லாம் வாங்கறவன் வேலை.

ஆனா பாரு, அதே குதிரைக்கு அடுத்தடுத்து ரெண்டு கயிறு கட்டி வெச்சிருக்கறான். வாங்கறது உம்மகளா இருந்து, அவ இப்பத்தான் வயசுக்கு மேஜர் ஆனவன்னா, நீ சொல்லியே ஆகோணும். நம்பி நிக்கறவகிட்டக் கம்முனு இருக்க முடியாது. இன்னொன்னு, வாங்க வந்தவன் சாலாக்கா, "நீங்க இல்லைன்னு சொல்லலைன்னா குதிரை நல்லா இருக்குதுன்னு வெச்சுக்கறேனுங்க"ன்னு கேட்டுப்போட்டான்னு வெய்யி. அப்ப நீ கம்முனு இருந்தீன்னா, அது பேசுன மாதிரியே கணக்கு. நாளைக்கு அந்த மனுசன், "தண்ணிக்கு ஒன்னும் கஷ்டமில்லீங்களே?"ன்னு கேக்கறப்ப நீ தென்னை உச்சியப் பாத்துக்கிட்டு நின்னாலும், வேட்டி மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டு நின்னாலும் அது பதிலுதான்.

இதெல்லாம் குதிரைக்கு. மண்ணுக்கு வேற சட்டம். 1882ல வந்த சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு. நெலத்துலயோ பத்திரத்துலயோ பெரிய கொறை இருக்குது, விக்கறவனுக்கு அது தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது, சாதாரணமாப் பாத்தாலும் தெரியாது. அப்படின்னா விக்கறவனே வாயத் தொறந்து சொல்லோணும். சொல்லாம விட்டா மோசடிக் கணக்குன்னு அந்தப் பிரிவு கடைசியில எழுதியே வெச்சிருக்கறான். பத்திரத்துல வில்லங்கம்னா ஈசி போட்டுப் பாத்துக்கலாம். போர்த் தண்ணிக்கு எந்த ஆபீசுல ஈசி குடுக்கறாங்க?

மூணாவது படி, பழைய உண்மை. இது ரொம்ப நைசான சரக்கு. "போன கார்த்திகையில ராத்திரி பகலா ஓடுச்சுங்க, நிறுத்தவே இல்லீங்க." நெசந்தான். நானே வந்து பாத்தேன். இங்கிலாந்துல ஒரு டாக்டரு தன் ஆஸ்பத்திரித் தொழிலை விக்கப் பேச்சு ஆரம்பிச்சாரு. வருசத்துக்கு ரெண்டாயிரம் பவுன் வருதுன்னாரு. அன்னைக்கு அது உண்மை. அப்பறம் நாலு மாசத்துல டாக்டரே சீக்காப் படுத்துட்டாரு, நோயாளியெல்லாம் வேற எடம் தேடிப் போயிட்டாங்க, வருமானம் படுத்துப் போச்சு. அதைச் சொல்லாமயே கையெழுத்துப் போட்டாங்க. 1936ல கோர்ட்டு என்ன சொல்லுச்சு? சொன்ன பேச்சு கையெழுத்து நாள் வரைக்கும் உசுரோட இருக்கோணும், நடுவுல செத்துப் போச்சுன்னா நீதான் சாவுச் சேதி சொல்லோணும்னு சொல்லி, அந்த யாவாரத்தையே ரத்து பண்ணிருச்சு. கார்த்திகைத் தண்ணியக் காட்டிச் சித்திரையில விக்க முடியாது கண்ணு.

நாலாவது படிக்குத்தான் நீ நேத்தே ஏறிட்ட. செய்கைப் பொய். வாயப் பூட்டு போட்டுக்கிட்டு, மோட்டாரைப் பேச விடறது. எம்மாட்டு மடியும் இந்த வகையறாதான். தெரிஞ்சே மறைக்கறதுன்னு ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவுல தனியா ஒரு வரி வெச்சிருக்கறான். 1862ல இங்கிலாந்துல ஒரு கேஸ். ஒருத்தன் பீரங்கி செஞ்சு குடுத்தான். இரும்புல ஒரு ஓட்டை, அதை உலோகத்தை வெச்சு அடைச்சு மறைச்சுப்போட்டான். சுட்டுப் பாத்துக்கிட்டே இருந்தப்ப ஒரு நாள் வெடிச்சுப் போச்சு. ஆனா கோர்ட்டுல செஞ்சவன் தப்பிச்சுட்டான்! ஏன்னா வாங்குனவன் பீரங்கியத் திரும்பிக்கூடப் பாக்கலை. அடைச்சது அவன் கண்ணுலயே படலை, அப்பறம் எப்படி அதுல ஏமாந்தான்னு கேட்டாங்க. நம்ம சட்டத்துலயும் அதே கணக்குத்தான். அந்தப் பொய்யினாலதான் சம்மதிச்சான்னு இருக்கோணும். இல்லைன்னா கிரயம் நிக்கும். இதை எதுக்குச் சொல்றேன்னா, உனக்கு அந்த ஓட்டையும் கெடையாது. திருப்பூர்க்காரரு தண்ணியப் பாக்கறதுக்குன்னே வண்டி புடிச்சு வர்றாரு. நீ அடைச்ச ஓட்டைக்கு முன்னாலயே வந்து நின்னு கைய நனைக்கப் போறாரு.

அஞ்சாவது படி, "நெசமாவே தெரியாதுங்க." போரு போட்ட வண்டிக்காரன் அன்னைக்கு, "எட்டு வருசத்துக்கு அசையாது"ன்னான், நீயும் நம்பி அதையே அடுத்தவருக்குச் சொல்லிப் போட்டேன்னு வெய்யி. வஞ்சகமில்ல. ஆனாலும் 18ஆவது பிரிவு புடிச்சுக்கும். அதுக்குப் பேருதான் தவறான எடுத்துரைப்பு. நாம சாதாரணமா நெனைக்கறது, பொய்யின்னா தெரிஞ்சே சொல்றதுன்னு. சட்டம் அப்படி நெனைக்கலை. நீ நம்பறயாங்கறது வேற, அடிச்சுச் சொல்ற அளவுக்கு உனக்கு ஆதாரம் இருக்குதாங்கறது வேற. ஆதாரமில்லாம "ஆமாங்க, இருக்குதுங்க"ன்னு அடிச்சுச் சொல்லி, அது இல்லாமப் போச்சுன்னா, உன் நல்ல மனசு கோர்ட்டுல செல்லாது. மோசடிக்கும் இதுக்கும் நடுவுல இருக்கற வரப்பு மனசுதான். தெரிஞ்சு சொன்னா மோசடி, நம்பிச் சொன்னா தவறான எடுத்துரைப்பு. ரெண்டுலயும் கிரயம் ஆடும்.

கிரயம் ஆடும்னா அதுவாச் செத்துப் போகாது. அதுலதான் சூட்சுமம். 19ஆவது பிரிவு ஏமாந்தவன் கையில மூக்கணாங்கயித்தைக் குடுத்துருது. அவன் வேண்டாம்னா ரத்து பண்ணலாம்; நீ வாங்குன பணத்தைத் திருப்போணும், அவன் தோட்டத்தைத் திருப்புவான். இல்ல, வெச்சுக்கறேன், நீ சொன்னது உண்மையா இருந்தா நான் எப்படி இருப்பனோ அப்படி என்னைக் கொண்டு வந்து நிறுத்துன்னும் கேக்கலாம். அடமானத்தை மறைச்சு நெலத்தை வித்தவன், அந்தக் கடனைத் தானே கட்டி மீட்டுக் குடுக்கோணும்னு சட்டத்துலயே உதாரணம் இருக்குது. உன் விசயத்துல, நீ காட்டுன ரெண்டு இஞ்சுத் தண்ணிய நீதான் கொண்டாந்து ஊத்தோணும். டேங்கர் வாடகை என்னன்னு விசாரிச்சு வெச்சுக்க. வேணும்னே பண்ணுனதுன்னு போலீஸ் பக்கம் போனா அது தனிக் கதை. ஏமாத்துக்காரனை நானூத்தி இருவதுன்னு திட்டுவமே, அந்த நம்பரு 2024 ஜூலை 1ல இருந்து 318 ஆயிருச்சு. நம்பரு கொறைஞ்சுது, தண்டனை கொறையலை.

தெரியும், நீ என்ன கேக்க வாயெடுக்கறேன்னு. "அவரு நாலு பேரைக் கேட்டு விசாரிச்சிருக்கலாமல்லங் அப்புச்சி?" நல்ல கேள்வி. சட்டத்துல அந்தச் சந்தும் இருக்குது. நீ வஞ்சகமில்லாமத் தப்பாச் சொன்னயோ, கம்முனு இருந்தயோ, அவரு சாதாரண கவனத்தோட பாத்திருந்தா உண்மையக் கண்டுபுடிச்சிருக்கலாம்னா, அவரு கிரயத்தை ரத்து பண்ண முடியாது. ஆனா அந்தச் சந்து வேணும்னே ஏமாத்துனவனுக்கு இல்ல. மோட்டாரை நிறுத்துன கை அதுக்குள்ள நுழையாது.

அதே சட்டத்துல அவுரிக் கம்பெனி கதை ஒன்னு இருக்குது. வருசத்துக்கு 500 மணங்கு அவுரி வருதுன்னு ஒருத்தன் தப்பாச் சொல்றான். வாங்கறவன் கணக்கு நோட்டை வாங்கிப் பாக்கறான், 400 தான் இருக்குது. பாத்துட்டும் வாங்கறான். அப்பறம் அவன் அழுதா செல்லாது. உண்மை தெரிஞ்சு வாங்குனவனுக்கு வழக்கு இல்ல.

இதை நல்லா மனசுல வெச்சுக்க, ஏன்னா அந்தத் திருப்பூர்க்காரரு வியாழக்கெழமையே இங்க வந்துட்டுப் போயிட்டாரு.

உக்காரு, உக்காரு. எந்திரிக்காதே. இதே கட்டல்ல, நீ உக்காந்திருக்கற அதே எடத்துல உக்காந்து மோர் குடிச்சாரு. வெவரம் தெரியாதவருன்னு நீ நெனைச்சுக்கிட்டிருக்கற. அம்பது மிஷின் ஓட்டறவருக்கு ஒரு மோட்டார் ஓடறது தெரியாதா? "உங்க பேரன் தோட்டத்துத் தண்ணி எப்படிங்கய்யா?"ன்னாரு. சொன்னேன். ஐப்பசி கார்த்திகையில பிரச்சினையில்ல, மாசி தாண்டுனா கொறையும், சித்திரையில ஒன்றரை மணி நேரம் ஓடி அப்பறம் காத்து வாங்கும்னு சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் மோர்ச் சொம்பையே பாத்தாரு. "வெள்ளாமைக்கு இல்லீங்கய்யா, வயசான காலத்துக்கு ஒரு வீடு, பத்துத் தென்னை, ஒரு கட்டல். எனக்கு அது போதும். விலையத்தான் கொஞ்சம் பாத்துப் போடச் சொல்லுங்க"ன்னாரு.

மொறைக்காதே. நான் உன் யாவாரத்தைக் கெடுக்கலை, கிரயத்துக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கறேன். நீ பொய்யில வித்திருந்தா அடுத்த சித்திரையில போரு காத்து வாங்கற அன்னைக்கு அவருக்கு உண்மை தெரியும். மோசடி தெரிய வந்த அந்த நாள்ல இருந்துதான் கோர்ட்டுக்குப் போக மூணு வருசக் கெடு ஓட ஆரம்பிக்கும், வித்த நாள்ல இருந்து இல்ல. பணத்தை வாங்கி வெச்சுக்கிட்டு ஒவ்வொரு சித்திரையிலயும் போன் அடிக்கறப்பெல்லாம் திடுக்குனு முழிக்கறதா? இப்ப நீ ரெண்டு லட்சம் கொறைச்சு விக்கப் போற, ஆனா நிம்மதியாத் தூங்கப் போற.

நாளைக்கு அவரு வந்தா ஒரு வேலை மட்டும் பண்ணு. அக்ரிமெண்ட்டுலயே எழுதச் சொல்லு: போரு தொள்ளாயிரம் அடி, சித்திரையில ஒன்றரை மணி நேரம் ஓடும், வாங்கறவரு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாருன்னு. அதுக்குக் கீழ அவரு கையெழுத்து. அந்த ஒரு வரி, அம்பது வக்கீலுக்குச் சமம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் கண்ணு, ஒரு பொய் சொல்லி ஒரு கிரயம் பண்ண முடியாது.

காப்பி ஆறிப் போச்சு, குடிச்சுட்டுக் கெளம்பு. போன ஒடனே மொத வேலையா மோட்டாரைப் போட்டு விடு. தென்னைக்கு ரெண்டு நாளாத் தண்ணி இல்ல.